கண் சிமிட்டத் தெரியாதவள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் எனக்குக் கண் எழுதுகிற வேலை. மற்றவர்கள் சேலை, நகை, உதடு என்று வர்ணம் தீட்டி என் பக்கம் தள்ளுவார்கள். கடைசியாக நான் கருவிழி வைப்பேன். அதுவரை சுட்ட மண். அதற்கப்புறம் அது நம்மையே முறைக்கும். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. யாரும் சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். பொம்மையின் இடது கண்ணில் தூரிகை வைத்தால், வலது கண் முடியும்வரை எழுதுகிறவள் இமைக்கக் கூடாது. இமைத்தால் பொம்மைக்கு மாறுகண் வந்துவிடும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், எல்லோரும் சொன்னார்கள். பதினோரு வருஷம் நான் பொம்மையை முறைக்க, பொம்மை என்னை முறைக்க, அப்படியே போனது. வீட்டுக்குப் போனால் அதே கண்ணை வைத்துக்கொண்டு செல்போனில் சீரியல்.

போன ஆடியில் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி உறுத்தல் வேறு. பக்கத்து மேசை அக்கா நாள் முழுக்க என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, வூட்டுல எதுனா பிரச்சனையா? அவரு எதுனா சொன்னாரா?"

"அவரு என்னாக்கா சொல்லப்போறாரு? அவரு வாயத் தொறந்தே மாசம் ஒண்ணு ஆவுது."

அக்கா நம்பவில்லை. சாயங்காலம் வண்டியோடு என்னை அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, "பொம்பளைய இப்படி அழ வெக்கிறது நல்லாருக்குதா?" என்று கேட்டேவிட்டார். பாவம் மனுஷன், என்ன தப்பென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டார். நானும் தடுக்கவில்லை. வேறு பல விஷயங்களுக்கு அது எனக்கு வரவேண்டிய மன்னிப்புதான்.

முதலாளிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கொலு சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையிலிருந்து போன நாலு பொம்மைக்குக் கண் கோணியிருந்தது. "அடுத்த மாசம் மொத சனிக்கிழம ஒரு தட்டு பொம்மைக்குக் கண்ணு எழுதிக் காட்டும்மா. சரியாவலன்னா பேக்கிங் பக்கம் போயிடு" என்றார். பேக்கிங் என்றால் பொம்மைகளை வைக்கோலில் அமுக்கும் வேலை. வேறு யாரோ கண் எழுத, நான் வைக்கோல் சுற்றுவதா? அன்றைக்கு வந்த கண்ணீர் நிஜக் கண்ணீர்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு வறண்டு போயிருக்குதும்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம். "தண்ணி கொட்டுதுன்னு வந்தா, வறண்டுபோச்சுன்றீங்களே டாக்டர்!"

வறட்சியில் உறுத்துவதால்தான் கண் தண்ணீரைக் கொட்டுகிறது, இமை மூடித் திறந்தால்தான் ஈரம் கண் முழுக்கப் பரவும் என்று பொறுமையாகச் சொன்னார். "வேலை நேரத்துல எத்தன தடவ சிமிட்டுவீங்க?"

"சிமிட்டவே மாட்டேன் டாக்டர்" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இமையை முழுசாக மூடித் திறக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் தூரத்தில் பார்க்க வேண்டும். ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. ராத்திரி செல்போனைக் குறைத்து, வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் வைக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர, கடையில் வாய்க்கு வந்ததைக் கேட்டு வாங்கி ஊற்றக் கூடாது. இவ்வளவுதான்.

இதில் ஃபேன்தான் வயிற்றெரிச்சல். அக்காவோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டு என் பக்கம் திருப்பி வைத்த ஃபேன் அது. நானே அதை அவர் பக்கம் திருப்பியதும், "உடம்புக்கு ரொம்ப முடியலையாம்மா?" என்று பயந்துபோனார். தூரத்தில் பார்க்க வாசலில் நின்றால் பழமலைநாதர் கோயில் கோபுரம் தெரியும். "என்னா திடீர்னு இவ்வளவு பக்தி?" என்று அதற்கும் ஒரு கேலி. ஆனால் சிமிட்டிச் சிமிட்டி எழுதியும் பொம்மையின் கண் கோணவில்லை. உறுத்தலும் மெல்லக் குறைந்தது.

சனிக்கிழமை வந்தது. தட்டில் பன்னிரண்டு பொம்மை. பதினொன்றைச் சிமிட்டியே எழுதிவிட்டேன். பன்னிரண்டாவதில் தூரிகை வைக்கும்போது முதலாளி பின்னால் வந்து நின்றார். பயத்தில் பழைய புத்தி திரும்பியது. மூச்சைப் பிடித்தேன், இமை அசையவில்லை, கண்ணில் நீர் திரையிட்டது.

அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கடைசிப் பொம்மையில் கை நின்றது. அது ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் என்னையும் பார்த்தது.

"எல்லாம் நல்லாருக்குது. இது மட்டும் ஏம்மா இப்படி?"

"அத மட்டுந்தாங்க சிமிட்டாம எழுதுனேன்."

முதலாளி பொம்மையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோணல் பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, "அடுத்த தட்டு எடுத்துக்க" என்றார்.

எடுத்துக்கொண்டேன். முதல் பொம்மைக்கு இடது கண்ணை எழுதினேன். முதலாளி இன்னும் அங்கேயேதான் நின்றார். அவரை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டு, வலது கண்ணை எழுதினேன்.