அதே கட்டி வந்த இன்னொருத்தி

காலை 9.45க்கு எழும்பூரில் ரயில் ஏறினேன். விருத்தாசலம் ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளிடம் அலுவலக வேலை என்று சொல்லியிருந்தேன். வீட்டில் நானும் அவளும்தான்.

என் மார்பில் வந்திருந்த கட்டிக்கு ஃபைலோட்ஸ் என்று பெயர். அபூர்வமானது. வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை இலையாகத் தெரியுமாம். அடுத்த புதன்கிழமை அறுவை சிகிச்சை. "வேறு யாருக்காவது வந்திருக்கா டாக்டர்?" என்று நச்சரித்தேன். விருத்தாசலத்துப் பெண் ஒருத்தியிடம் சம்மதம் கேட்டுவிட்டு, அவள் எண்ணைக் கொடுத்தார். அழைத்தபோது, தன் பட்டறைக்கே வந்துவிடச் சொன்னாள்.

மதியம் ஒரு மணிக்கு இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. செராமிக் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"பொம்மை வாங்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாங்க" என்றேன்.

ரஸியாவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் குவைத்தில். இங்கே பீங்கான் பொம்மைப் பட்டறையை அவளே நடத்துகிறாள். இரண்டு பெண்களோடு உட்கார்ந்து பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா. எவ்ளோ பெருசு இருக்குது?" என்றாள்.

நான் மற்ற இருவரையும் பார்த்தேன்.

"இவங்களுக்கு எல்லாம் தெரியும். சொல்லுங்க."

"எலுமிச்சம்பழம் அளவு. நாலே மாசத்துல."

"எனக்குக் கொய்யாக்கா அளவு. ஊசி குத்திப் பாத்துட்டு சாதா கட்டின்னாங்க. எடுத்து டெஸ்டு பண்ண பொறவுதான் இதுன்னு தெரிஞ்சுது. சுத்தி ஒரு விரக்கடை நல்ல சதையையும் சேத்து எடுக்கணும், இல்லன்னா திரும்ப வரும்னு ரெண்டாவது ஆப்பரேசன். உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. ஒரே தடவையில முடிஞ்சிடும்."

"அக்குள்லயும் வெட்டினாங்களா?"

"அங்க கையே வெக்கல. கீமோவும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா போய்க் காட்டிட்டு வரேன்."

பின்பக்க அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கேட்கக் கூசியதை அவளே காட்டினாள். ஒரு பக்கம் கொஞ்சம் சிறுத்து, பிறைபோல வெளிறிய தழும்பு. இரவெல்லாம் நான் கற்பனை செய்திருந்ததில் பாதிகூட இல்லை.

"உங்க வீட்டுக்காரர் பாத்தாரா?" டாக்டரிடம் கேட்க முடியாத கேள்வி.

"லீவுல வந்தப்ப பாத்தாரு. இவ்ளோதானான்னு கேட்டாரு. எனக்குத்தான் அழுவ வந்துடுச்சு" என்று சிரித்தாள்.

அவர்களோடு சாப்பிட்டுவிட்டு மாலை ரயில் பிடித்தேன். இதை எழுதும்போது அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம். வெட்டிய ஓரங்களில் கட்டியின் மிச்சம் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது.

ஆனால் அந்த ரயிலில் எனக்கு அது எதுவும் தெரியாது. அந்த இரண்டு பெண்கள் முன்னாலேயே ரஸியா வேலை செய்துகொண்டே மார்பைப் பற்றிச் சாதாரணமாகப் பேசியதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை. விழுப்புரம் தாண்டியதும் மகளை அழைத்தேன்.

"அம்மாவுக்கு மார்புல கட்டி இருக்கும்மா. புதன்கிழமை ஆபரேஷன்."

மெதுவாகக் கேட்டாள்: "எந்தப் பக்கம்மா?"