பருப்பை நீட்டிக் கேட்டவர்

விழுப்புரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். அங்கே நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உடைக்க மெஷின் வந்ததும், கையால் உடைத்துவந்த எங்களை அனுப்பிவிட்டார்கள். மாலையில் திண்டிவனத்தில் ஒரு மில்லுக்குள் வேலை கேட்டு நுழைந்தால், அங்கேயும் புது மெஷின்.

முதலாளி குள்ளமானவர், மீசை வரைக்கும் தூசி. மெஷின் கொட்டிய பருப்பை உள்ளங்கையில் அள்ளி, கையால் உடைக்கும் பெண்களிடம் நீட்டினார். எதையும் அப்படி நீட்டிக் கேட்பது அவர் வழக்கமாம்.

"பாதி நொறுங்கிப் போவுது. ஏம்மா?"

"காஞ்ச மல்லாட்டையை அப்படியே கொட்டினா நொறுங்காம கொஞ்சுமா? முன்னாடியே தண்ணி தெளிச்சு வெக்கணும். எதுன்னாலும் எங்களைக் கேக்கறவரு, இந்த மெஷினுக்கு மட்டும் வித்தவனையே கேட்டுக்கினு இருந்தீங்களே மொதலாளி, எங்களைக் கேட்டீங்களா?" என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"கேக்காதது என் தப்புதான். இனிமே மெஷினை நீங்களே பாத்துக்குங்க. யாரும் வேலையை விட்டுப் போவ வேணாம்."

பிறகு, வேலை கேட்டு நின்ற என் பக்கம் திரும்பினார். "உனக்கு மெஷின் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சவன்னு மெஷின் வித்தவன் அனுப்பின ஆளுதான்யா இவ்ளோ நேரம் நொறுக்கிக்கினு இருந்தான். காலையில ஜல்தியா வா."

அன்று இரவு மில் வாசலில் சாக்குகளின் மேல் நிம்மதியாகத் தூங்கினேன். எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லியும் வேலை கிடைத்தது அவரிடம் மட்டும்தான். விடிந்ததும், அந்தப் பெண் சொன்னபடி காய்க்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையில் சேர்ந்தேன்.