ஒரு வெடியோடு முடிகிற துவக்கு

என் வீட்டுக்காரர் போன மாதம் துவக்கு நிபுணர் ஆகிவிட்டார்.

சிரிக்காதீர்கள். சுடுகிற துவக்குத்தான், துப்பாக்கி. இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். சைக்கிளில் போய் மரத்தில் மோதிவிட்டு, அந்த மரத்திடமே டெனிஷில் மன்னிப்புக் கேட்டவர். மன்னாரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவர் கையில் பிடித்த ஒரே ஆயுதம் முத்திரை குத்துகிற கட்டைதான். துவக்குகளை நிறையப் பார்த்திருக்கிறார் — ஆனால் எல்லாம் முன்பக்கத்திலிருந்து.

பிறகு எப்படி நிபுணர்? அதற்கு என் கோழிகளிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊருக்கு வெளியே, ஒரு நீளமான பழைய பண்ணை வீட்டில். ஒரு பாதி எங்களுக்கு வாடகைக்கு. மற்றப் பாதியில் பண்ணையின் சொந்தக்காரர் நீல்ஸ். தனியாள். டிராக்டரோடு கதைக்கிற அளவுக்குக்கூட மனிதர்களோடு கதைக்கமாட்டார். ஆனால் போன வருடம் என் அரைகுறை டெனிஷில் "கோழி வளர்க்க ஆசை" என்று வாய்தவறிச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பின்வளவில் கூடு நின்றது.

ஏழு கோழிகள். ஹேர்னிங் மில்லில் நாள் முழுக்க ஸ்வெட்டர் தைத்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினால், நான் முதலில் போவது வீட்டுக்குள் அல்ல, கூட்டுக்குத்தான். நான் பேசுகிற தமிழை "என்ன? என்ன?" என்று திருப்பிக் கேட்காத உயிர்கள் இந்தப் பக்கத்தில் வேறு ஏது?

போன மாதம் ஒரு காலை போய்ப் பார்த்தால் நாலுதான் நிற்கின்றன. மிச்சம் இறகு. கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கிக் கட்டினோம். இங்கத்தைய மண் வெறும் மணல். நரி இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டி வந்து இன்னொன்றையும் கொண்டுபோனது.

எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நீல்ஸும் பொறுமையிழந்துவிட்டார். அவரிடம் இருந்தது தகப்பன் காலத்துத் துவக்கு. அதால் நரியைக் குறிபார்த்தால் கொட்டகைக்குத்தான் ஆபத்து. "புதிது வாங்கப்போகிறேன்" என்றார். நரிக்கு, வசந்தத்தில் விதையைக் கிளறுகிற காகங்களுக்கு, சங்கத்தில் வட்டம் போட்ட தாளைக் குறிபார்த்துச் சுட — மூன்றுக்கும் ஒரே துவக்கு. ஆம், இங்கே துவக்குச் சுடுவதற்கும் ஊருக்கு ஊர் சங்கம் உண்டு. தேவாலயத்துப் பாதிரியார்கூட உறுப்பினர். டென்மார்க்கில் எதற்குத்தான் சங்கம் இல்லை?

பிறகு இவரைப் பார்த்து நீல்ஸ் சொன்னார்: "நீ யுத்தம் நடக்கிற நாட்டிலிருந்து வந்தவன். உனக்குத் துவக்கு தெரிந்திருக்கும். தெரிவு செய்யக் கூட வா."

இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'எனக்குத் தெரியாது' — இரண்டே சொல். எங்கள் ஆண்களின் வாயில் அது வருமா? தாடையைத் தடவிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, என்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"நான் ஓம் எண்டு சொல்லேல்லையப்பா. இல்லை எண்டும் சொல்லேல்லை."

"உங்களுக்குத் துவக்கில எது தலை, எது கால் எண்டு தெரியுமே?"

"மனுசன் ஆசையாக் கேட்டவன். எப்பிடி மறுக்கிறது?"

அன்றிலிருந்து வீடு முழுக்க துவக்குக் கட்டலொக். சாப்பாட்டு மேசையில், கட்டிலடியில், குளியலறையில்கூட. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பார்களே, அதே பார்வை. குழலின் நீளம், ரவைக் குண்டின் பருமன், டெலஸ்கோப்... டெனிஷ் வகுப்பில் இந்த அக்கறை இருந்திருந்தால் மனுஷன் இப்போது பாராளுமன்றத்தில் பேசலாம்.

எனக்கோ வேறு கவலை. சொல்லிவிடுகிறேன். எனக்கு வெடிச் சத்தம் ஆகாது.

தையல் மெஷின்கள் நாள் முழுக்க இரைகின்றன, அது என்னை ஒன்றும் செய்யாது. ஒற்றைச் சத்தம்தான். மில்லில் ஒருத்தியின் பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன் வெடித்தபோது நான் மெஷினுக்குக் கீழே இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. ஊரில் அப்படித்தான் பழகிவிட்டது. ஒரு சத்தம் கேட்டால் போதும், இரண்டாவது எந்தப் பக்கத்தில் கேட்கும் என்று உடம்பு காத்திருக்கும். மனதுக்கு 'இது பிராண்டே' என்று சொல்லிப் புரியவைக்கலாம். முதுகுத்தண்டுக்கு யார் சொல்வது?

ஆகவே இவரிடம் தெளிவாகச் சொன்னேன்.

"எனக்கு நரி சாகவேணும். ஆனா வெடிச் சத்தம் கேக்கப்படாது."

"அதெப்பிடியப்பா?"

"நீங்கள்தானே நிபுணர்."

ஒரு வெள்ளிக்கிழமை மூவருமாக ஹேர்னிங்கில் துவக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர். பார்த்தால் புடவைக்கடையில் துணி வெட்டிக் கொடுப்பவர் போல இருந்தார். இரண்டு துவக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று வால்நட் மரத்தில் பூவேலை செய்த அழகி. மற்றது தடித்த குழலோடு, ஒரு பளபளப்பும் இல்லாத கறுப்பு உலக்கை.

இவர் அழகியைக் கையில் எடுத்ததும் முகமே மாறிவிட்டது. தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மற்றதைத் தூக்கினார். முதுகுவலிக்காரர் அல்லவா, முகத்தைச் சுளித்து டெனிஷில் "பாரம்" என்றார். முறைப்பாடாகத்தான் சொன்னார்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான் விஷயம்" என்றார் மரியாதையோடு. தடித்த குழல் லேசில் சூடேறாது, கையில் ஆடாது, அதனால்தான் குறி தப்பாது — இதை ஒரு சொல்லில் சொன்ன வாடிக்கையாளரை அவர் இதற்குமுன் கண்டதில்லையாம். நீல்ஸ் பெருமையோடு எல்லோரையும் பார்த்தார். இவர் மறுபடி தாடையைத் தடவினார்.

என்னால் நிற்க முடியவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன்: "சத்தம் போடாத துவக்கு இருக்கிறதா?"

கடைக்காரர் இல்லை என்று தலையாட்டினார். சத்தத்தை அடக்குகிற கருவிக்கு இந்த நாட்டில் அனுமதி இல்லை.

"அப்படியென்றால் ஒரே வெடியில் முடிகிற துவக்கு எது?"

ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நீல்ஸ் மட்டும் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நாளைக்குச் சங்கத்தில் சுட்டுப் பார்க்கலாம்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் சங்கத்துத் திடலில் நான் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மில்லில் தருகிற காதுமூடியைப் போட்டுக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன். நீல்ஸின் பழைய துவக்கு, அழகி, உலக்கை — மூன்றாலும் ஐந்தைந்து ரவை சுட்டார்கள். பிறகு ஆண்கள் மூவரும் மூன்று தாள்களோடு வந்து கார்க் கண்ணாடியில் வைத்துக் காட்டினார்கள்.

பழைய துவக்கின் தாளில் ஓட்டைகள் திசைக்கொன்றாய்க் கிடந்தன. அதை விடுவோம்.

"இஞ்ச பாரும், நட்ட நடுவில" என்று இவர் அழகியின் தாளைக் காட்டினார். உண்மைதான், ஒரு ஓட்டை கறுப்பு வட்டத்தின் நடுவில். மற்ற நாலும் ஒன்றுக்கொன்று கோபம்போல ஆளுக்கொரு மூலையில்.

உலக்கையின் தாளிலோ ஒன்றுகூட நடுவில் இல்லை. ஐந்தும் இடது பக்கம் கீழே போயிருந்தன. ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில். ஒரு சட்டைப் பொத்தானை வைத்தால் மறைந்துவிடும்.

"இது" என்றேன்.

"அது பிழையாப் போய்க்கிடக்கப்பா."

"பிழைதான். ஆனா எல்லாம் ஒரே பிழை."

நான் டெனிஷில் மறுபடி சொன்னதும் நீல்ஸ் முதல்தடவையாகச் சிரித்தார். டெலஸ்கோப்பில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறதாம். திருகினால் ஐந்தும் அப்படியே நடுவுக்கு வந்துவிடும். சிதறுகிற துவக்குக்குத்தான் மருந்து இல்லை.

இதில் எனக்கென்ன ஆச்சரியம்? கல்யாணம் முடித்து ஒன்பது வருடம். இவர் எங்கே போனாலும் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வருவார். ஒருநாள் முந்தி, ஒருநாள் பிந்தி என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். எப்போதும் பிந்துகிறவர் என்பதால், பூசை பத்து மணிக்கென்றால் ஒன்பதரை என்று சொல்லிவிடுவேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஒரே பக்கம் பிழை விடுகிறவரோடு வாழலாம். கொஞ்சம் திருகினால் போதும்.

உலக்கையை வாங்கினார்கள். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஒரே வெடியில் முடிக்கிற துவக்கைப் பழக, எத்தனையோ வெடி வைக்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மேற்கிலிருந்து காற்று. சங்கத்துத் திடலிலிருந்து ஒவ்வொரு சத்தமும் எங்கள் குசினிக்கு வந்தது. நான் அடுப்பை அணைத்தேன். மறுபடி மூட்டினேன். மாடிக்குப் போனேன், இறங்கினேன். பிறகு எஸ்பியர்க் பட்டணத்தில் இருக்கிற சித்தி மகளுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"உங்கட பக்கம் வீடு கிடைக்குமே?"

"மூண்டாம் மாடி எண்டா இருக்கு. ஆனா கோழி வளர்க்க ஏலாது."

"பரவாயில்லை. நரியும் ஏறாதுதானே."

போனை வைத்துத் திரும்பினால் இவர் நிற்கிறார். இந்த வீட்டை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும்தான் பிடிக்கும். அவர் நேரே நீல்ஸ் இருக்கிற பாதிக்குப் போனார். நெடுநேரம் கழித்து வந்தார்.

"சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"உமக்குச் சத்தம் ஆகாது எண்டதையும், எனக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டதையும்."

ஒன்பது வருடத்தில் இவர் வாயால் 'தெரியாது' என்று நான் கேட்டது அன்றுதான். அழுகை வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய் ஆறரை மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. கதவு தட்டும் சத்தத்துக்கும் எங்களுக்கும் பழைய பகை உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். திறந்தால் நீல்ஸ். மரச்சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு, காலுறையோடு நிற்கிறார்.

"ஏழிலிருந்து எட்டுவரை சுடுவோம். எட்டுக்குப் பிறகு ஒருவரும் சுடமாட்டார்கள்." அவ்வளவுதான். போய்விட்டார்.

இதைச் சொல்லவா ஒரு மனுஷன் வந்தார் என்று நினைத்தேன். ஆனால் ஏழுக்குக் காதுமூடியைப் போட்டேன். எட்டுக்குக் கழற்றினேன். எட்டுக்குப் பிறகு காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வாரம் புதன்கிழமை, பொழுதுபடுகிற நேரம், மறுபடி தட்டினார்.

"கூட்டுக்குப் பின்னால் இருக்கப்போகிறேன், ரீட்டா. ஒரு வெடி கேட்கலாம். ஒன்று மட்டும்."

"தப்பினால்?"

"தப்பினால் இரண்டாவது வைக்கமாட்டேன். வந்து சொல்வேன்."

அன்று நரி வரவில்லை. இருட்டியதும் தட்டி, "வரவில்லை, நல்லிரவு" என்றார். வியாழனும் அப்படியே. அந்த இரண்டு பின்னேரமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவின அரிசியை மறுபடி கழுவினேன். தேத்தண்ணிக்கு உப்புப் போட்டேன். வராத சத்தத்துக்காகக் காத்திருப்பது வந்த சத்தத்தைவிடக் கொடுமை என்று யாராவது உங்களுக்குச் சொன்னதுண்டா?

வெள்ளிக்கிழமை, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டது.

நிலத்தில் இருந்தேன். கத்தி கையில் இருந்தது. இரண்டாவதுக்காக உடம்பு முழுவதும் காது... வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். வரவில்லை. சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும்.

பிறகு மெதுவாகக் கதவு தட்டுப்பட்டது. நான் எழும்பிப் போகச் சற்று நேரம் எடுத்தது. இன்னொருதரம் தட்டவில்லை. திறந்தேன். கையில் துவக்கு இல்லை, அதைத் தன் பாதி வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தொப்பி மட்டும் கையில்.

"முடிந்தது" என்றார். "உனக்குச் சுகமா?"

நான் பதில் சொல்வதற்குள் சாப்பாட்டு மேசைக்குக் கீழேயிருந்து எங்கள் துவக்கு நிபுணர் தவழ்ந்து வெளியே வந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "கோப்பி குடிப்பமா?" என்றார். நீல்ஸ் ஒன்றையும் காணாதவர்போல உள்ளே வந்து உட்கார்ந்தார். கோப்பி குடித்தோம். எஸ்பியர்க் வீடு வேண்டாம் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன்.

ஊரிலும் துவக்கு வைத்திருந்தவர்கள் எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நாங்கள் திறக்கும்வரை வெளியே நின்றவரை நான் இங்கேதான் கண்டேன்.