மாப்பிள்ளை வீட்டார் எடுத்த ரத்தம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனநோய் வந்ததில்லை. தலைவலிதான் உண்டு. அண்ணனுக்கு அது இருபத்தாறு வயதில் வந்தது. சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னை ஏசுகிறார்கள் என்று மூன்று மாதம் தூங்காமல் கிடந்தாரே, அது தலைவலி. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் படுத்ததும் தலைவலிக்குத்தான். அதன்பிறகு தினமும் மாத்திரை தின்றுகொண்டே கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தார், மைனியைக் கட்டினார், ஒரு மகளைப் பெற்றார், ஓய்வும் பெற்றார். கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டத்தை ஒட்டிப் போகும் எங்கள் வழியில் ஏழு வீடு. ஏழும் சொந்தம், ஏழும் ஒரே கிறிஸ்தவ சபை. ஒரு வீட்டுத் தலைவலியைப் பற்றி இன்னொரு வீடு கேட்பதில்லை.

போன வருடம் அண்ணனுக்கு அறுபத்தொன்று ஆனபோது மறதி தொடங்கியது. ஒரே காலையில் மூன்று தடவை பல் துலக்கினார். நான் கேலி செய்தேன். ஒருநாள் கரண்டு பில் கட்ட நெய்யாற்றின்கரைக்குப் போனவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. நான் ஒரே தங்கை, இரண்டு வீடு தள்ளி இருப்பவள். நான்தான் அவரைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு வயது என்றால் மூளைக்கு அதைவிடப் பல வயது கூடுதலாகத் தெரிகிறது என்றார். ஒரே குலையில் ஒரு சீப்பு முந்திப் பழுப்பதைப் போல, சிலருடைய மூளை முந்திக்கொண்டு மூப்படையுமாம். அந்த வேகத்தில் ஒரு பங்கு பிறக்கும்போதே மரபணுக்களில் வருவது. மனநோயோடு சேர்ந்து வருகிற மரபணுக்கள் சிலவற்றுக்கு இதிலும் கை உண்டு. ஆனால் ஒரு மரபணு தனியாக நின்று யாரையும் கவிழ்த்துவிடாது, பல சேர வேண்டும், தூக்கமும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்கூடக் கூட்டு நிற்கும் என்றார். இப்போது டாக்டருக்கு இருந்த சிக்கல் வேறு. மறதிக்குப் பழைய மாத்திரை காரணமாக இருந்தால் அதை நிறுத்திப் பார்க்கலாம். குடும்பத்தில் ஓடுகிற மூப்பு என்றால் மாத்திரையை நிறுத்தியும் பயனில்லை, அந்தச் சத்தங்கள் திரும்பி வந்தால் அண்ணன் தாங்கமாட்டார். ஆகவே குடும்பத்தில் யார் யாருக்கு என்ன இருந்தது, எந்த வயதில் தொடங்கியது என்று தெரிய வேண்டும். இதையே ஆராய்கிற பிள்ளைகள் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் வரும் விஷயத்தை நான் மைனியிடம் சொன்னேன். மைனி யாரிடமும் சொல்லவில்லை. காரணம், அண்ணன் மகளுக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்யாண ஆலோசனை வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க வருவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் அக்கம்பக்கத்தில் வந்து விசாரிப்பார்கள். ஆலோசனை வந்த நாளிலிருந்தே மைனி வழியில் கண்டவர்களிடமெல்லாம் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். பத்து வருடம் பேசாத வீட்டுக்கும் பலாப்பழம் போயிற்று.

இந்த நிலையில்தான் ஒரு காலையில், நல்ல உடுப்போடு ஒரு பையனும் பெண்ணும் காரில் வந்து இறங்கி, கையில் ஃபைலோடு சித்தப்பா வீட்டுப் படியேறினார்கள். அண்ணனைப் பற்றித்தான் முதல் கேள்வி. அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது மனசுக்குச் சுகமில்லாமல் வந்ததுண்டா, வயதானபின் மறதி உண்டா என்று கேட்டார்கள். சித்தப்பாவுக்கு எண்பத்துநான்கு வயது. வந்தவர்கள் யாரென்று அவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். கழுத்தில் தொங்கிய அட்டையை அவர்கள் தூக்கிக் காட்டியும் அவர் பார்க்கவில்லை, இப்போது எல்லாக் கம்பெனிக்காரர்களும் அட்டை மாட்டிக்கொண்டுதானே திரிகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் மனநோய் இல்லை, மறதி மருந்துக்கும் இல்லை என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். சான்றாக, தான் அமரவிளைச் செக்போஸ்டில் வேலை பார்த்த காலத்தில் நின்ற லாரிகளின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அது சரியா தப்பா என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை. சித்தி நேந்திரங்காய் வறுவல் வைத்து, பையன் எந்த ஊர், என்ன உயரம், கல்யாணம் ஆயிற்றா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள் கள்ளமில்லாமல், இவருக்கு ஒற்றசேகரமங்கலம், கல்யாணம் ஆகவில்லை என்றாள். மாப்பிள்ளையே நேரில் வந்திருக்கிறான் என்று ஏழு வீட்டுக்கும் போன் பறந்தது. மார்த்தாண்டத்து மாப்பிள்ளை எப்படி ஒற்றசேகரமங்கலத்துக்காரன் ஆனான் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டபோதும் சித்தப்பா அசரவில்லை. சட்டைக் கையை மடக்கிவிட்டு நீட்டினார். பிறகு என்னைப் போனில் கூப்பிட்டார்.

“மக்கா, நமக்கு ஜாதகம் பாக்குற வழக்கம் இல்லியே. அதுக்குப் பகரம் ரெத்தமாக்கும் இப்பம். நான் ரெண்டு குப்பி குடுத்தேன். ஆலோசனை ஒறச்சுப் போச்சு, இனி மாறாதுண்ணு வச்சுக்க.”

வந்தது டாக்டர் அனுப்பியவர்கள் என்று எனக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே அவரை நம்பவிட்டுவிட்டேன். அடுத்த தடவை நானும் அண்ணனும் போனபோது டாக்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஏழு வீட்டிலும் கேட்டெழுதியதில், அண்ணனைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு குடும்பத்தை நான் கண்டதில்லை என்றார். அப்படியானால் மாத்திரைதான் காரணமாக இருக்கும், மெதுவாக நிறுத்திப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தார். சிரித்துத் திரிந்த விஷயம் அண்ணன் தலையில் வந்து விடியப் போகிறது. எழுதாதீர்கள், அவ்வளவும் பொய் என்று சொல்லிவிட்டேன். உண்மை என்ன என்று அவர் கேட்டார். எனக்கு முழுதாகத் தெரியாது, நான் கடைக்குட்டி, என் காதில் விழுந்ததெல்லாம் தலைவலி மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை நேரே அண்ணன் வீட்டுக்கு. சித்தப்பாவையும் கூட்டி வந்து உட்காரவைத்தேன். அந்தப் பெண் எங்கள் குடும்ப மரம் வரைந்த ஒரு பெரிய தாளை விரித்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தவர்களுடையதற்குள் கறுப்பு அடைக்க வேண்டும். தாள் முழுக்க வெள்ளையாக இருந்தது. வந்தவன் மாப்பிள்ளை இல்லை என்று தெரிந்ததிலிருந்து சித்தப்பா தன் இரண்டு குப்பி ரத்தத்தை நினைத்து உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தார். மைனி, எல்லாம் தலைவலிதான் என்று தொடங்கினாள். அண்ணன் மகள் அம்மாவின் தோளைத் தொட்டு, அப்பா சொல்லட்டும் என்றாள்.

காலையில் காப்பி குடித்தோமா இல்லையா என்று தெரியாத அண்ணன், கரும்பலகை முன்னால் நிற்பவரைப் போல எழுந்து நின்று சொன்னார். பெரியப்பாவை முப்பது வயதிலிருந்து சாமான் அறையில் பூட்டி வைத்திருந்தது. சபையில் அவர் வடக்கே வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னது. குளத்தூரில் கட்டிக்கொடுத்த, அப்பாவின் கூடப்பிறந்த மாமி, ஐம்பது தாண்டியபின் துணியை மடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் பெற்ற மகனிடமே நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டது. தாத்தா அறுபதில் வழி தவறத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் தொடங்கிய வயதைக் கேட்காமலே சொன்னார். சித்தப்பா மறுக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், பெரியப்பாவுக்கு முப்பது இல்லை, இருபத்தெட்டு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் கிழவர்மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. அவர் கண் நிறைந்திருந்தது.

அந்தத் தாளை வைத்துத்தான் டாக்டர் பிறகு மாத்திரையை நிறுத்தாமல், அளவை மட்டும் கொஞ்சம் குறைத்தார். மறதி போகவில்லை, ஆனால் சத்தங்களும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, மற்றவர்களைச் சொல்லி முடித்ததும் அண்ணன் தன் கட்டத்தைத் தானே வாங்கி, ஓரம் பிசகாமல் கறுப்பு அடைத்தார். எனக்க மோளுக்கு வருமா என்று அந்தப் பையனிடம் கேட்டார். வரும் என்றோ வராது என்றோ யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இனி அவள் எதையும் தெரியாமல் இருக்கவேண்டியதில்லை என்று அவன் பதில் சொன்னான். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் போயிருந்தாலும், எனக்கு மைனியையும் சித்தப்பாவையும் பார்க்க இளக்காரமாக இருந்தது. இத்தனை நாள் மூடி வைத்தீர்களே, இப்போது என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

அண்ணன் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“மக்கா, நாலுபேரு காணாண்டாம்ணு நான் மாத்திரை வேண்டப் போறது எல்லை தாண்டி களியக்காவிளைக்காக்கும். அந்த மருந்துக் கடையில உன்னைக் கண்டிட்டுண்டு. தக்காளி, வெண்டைக்காண்ணு மலக்கறி வேண்டப் போறேன்னுட்டு வீட்டுல சொல்லிட்டு வருவ. உனக்க வட்டம் வெள்ளையாட்டு கெடக்கு.”

மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கினேன். அடைப்பதற்கு முன்னால் அந்தப் பெண், எத்தனை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். ஏழு என்றேன்.

“எட்டாக்கும்,” என்றார் அண்ணன்.