அமுதாவுக்குப் புள்ளைங்க கொண்டுபோன சேதி

படகோட்டின்னா புயல்ல மாட்டுன கதை சொல்லுவான், ஆள் ஒசரத்துக்குக் கொடுவா மீனு புடிச்ச கதை சொல்லுவான்னு தான காதத் தீட்டிக்கினு வந்தீங்க? அதெல்லாம் கெடையாது. பழவேற்காட்டுக்கும் ஏரிக்கு அந்தாண்ட இருக்குற பசியாவரத்துக்கும் ஆள் ஏத்தி எறக்குறவன் நான். என் படகுல ஆளவிட சேதி தான் ஜாஸ்தி. சின்னப் புள்ளைங்க கிட்ட சேதி சொல்லியனுப்பி சீரழிஞ்சவங்க யாராச்சும் இருந்தா, கிட்ட வந்து குந்துங்க.

மச்சான் புள்ளைக்குக் காது குத்துனப்ப, என் மாமியார் மாதிரி பேசிக் காட்டுனேன். பந்தியே சிரிச்சுது, என் பொண்டாட்டி அமுதா மட்டும் சிரிக்கல. பசியாவரத்துல தாய் வூட்டுக்குப் போனவ தான், போன் போட்டாலும் எடுக்கறதில்ல. படகு நிக்கிற எடத்துல இருந்து அவ வூடு இருவதடி. ஆனா எனக்கும் ரோசம் இருக்குதுல்ல?

நாலு வயசு

அம்மா கூட படகுல வந்த ஜெனியப் புடிச்சேன். "அமுதா அத்த கிட்ட, மாமா சோறு துன்னல, தூங்கல, நீ வந்துடுவியாம்னு சொல்லு." தலைய நல்லா ஆட்டுச்சு. மறுநாள் கேட்டேன், "இன்னா சொன்ன?"

"சோறுன்னேன். அத்த போட்டுச்சு மாமா, எறா கொயம்பு!"

ஆறு வயசு

அடுத்து ஒண்ணாவது படிக்கிற முருகன். "எனக்கு ஜொரம், தனியா கெடக்குறேன், நீ வந்து பாக்கணும், கேஸ் கூட தீந்துபோச்சு." இந்த வயசுல தலையும் வாலும் கரை சேரும், நடுவுல இருக்கறது ஏரியில வுழுந்துடும். எனக்கு வேண்டியது நடுவுல தான இருந்துச்சு! பையன் பதிலோட வந்தான்:

"ஜொரத்துக்கு மாத்திர போட்டுக்கணுமாம், கேஸுக்கு போன் போடணுமாம்."

ஒம்போது வயசு

பவானி கெட்டிக்காரி. "மெதுவா சொல்லு மாமா"ன்னு வெரல வுட்டு எண்ணிக்கினா. உதடு முணுமுணுக்க எறங்கிப் போயி, வாசல்ல நின்னு ஒப்பிச்சா. படகுல இருந்தே கேட்டுச்சு. ஒண்ணு சிந்தல. நான் வுட்ட பெருமூச்சு வந்துச்சு, செருமல் வந்துச்சு. கடைசியா, இஞ்சின் கிட்ட குனிஞ்சு நான் முணுமுணுத்ததும் வந்துச்சு: "எல்லாம் உங்கம்மா குடுக்குற எடம்!"

கதவு படார்னு சாத்திக்கிச்சு. திரும்பி வந்த பவானி ரொம்பப் பெருமையா கேட்டா:

"எல்லாம் கரெக்டா சொன்னேனா மாமா?"

அப்புறம்

"சின்னதுங்க மறக்குது, பெருசுங்க மறக்க மாட்டேங்குது. சேதி சொல்றதுக்குனு ஒரு வயசே இல்லியா?"னு பொலம்பிக்கினே கயித்த அவுத்தேன். மீன் கூடையோட குந்தியிருந்த கன்னியம்மா அக்கா, படகே கேக்குற மாதிரி ஒரு போடு போட்டுச்சு:

"புள்ளைங்கள ஏன்டா சொல்ற? மூணு தபாவும் நானும் இங்க தான் குந்தியிருந்தேன். தப்பு என்னுதுன்னு நீ ஒரு தபா கூட சொல்லியனுப்பலியே!"