யாருக்கும் புரியாத புத்தகம்

யாகோமினா ஹ்யூகோவுக்கு ஆஃப்ரிகான்ஸ் மொழி என்றால் உயிர். ஸ்டெலன்போஷில் கருவாலி மரங்கள் நிறைந்த தெருவில் தனி வீடு. கல்யாணம் கில்யாணம் என்று எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. பகலில் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பாடம், சாயங்காலம் ரஷ்ய நாவல்களை ஆஃப்ரிகான்ஸுக்குக் கொண்டுவரும் வேலை. அவள் பெயர் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

எழுபதுகளில் சனிக்கிழமைதோறும் கெர்னீல்ஸ் அடோனிஸ் ரயிலேறி வருவான். மேற்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பள்ளி ஆசிரியர், நாவலும் எழுதுகிறவன். நிறவெறி அரசாங்கம் 'கலப்பினம்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிய ஜனம். வீட்டில் பேசுவது யாகோமினாவின் அதே மொழி. அவர்கள் இவளைப் போன்ற வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்பது ஊர் வழக்கம். இவள் முன்கதவைத் திறந்துவிடுவாள். எதிர்வீட்டுத் திரைச்சீலை ஆடும். அதில் இவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவள் தன் மொழிபெயர்ப்பை உரக்க வாசிப்பாள். அவன் ரஸ்க்கைக் காபியில் முக்கிக்கொண்டே கேட்பான்.

"நிறுத்துங்க மிஸ். இவன் வண்டிக்காரன்தானே? பாதிரியார் மாதிரில்ல பேசுறான்!"

"ரஷ்யாவுல வண்டிக்காரனுக்கும் பக்தி உண்டு, கெர்னீல்ஸ்."

"பக்தி இருக்கட்டும். குதிரை தூங்கிருச்சே!"

பிறகு அவன் முறை. மீன் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிய நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தான். அவள் அழுதிருக்கிறாள், சிரித்துப் புரை ஏறியிருக்கிறாள். அவள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்றால் அவைதான்.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் அவளைப் புத்தகத் தணிக்கைக் குழுவுக்குக் கூப்பிட்டது. "நாம உட்காரலைன்னா எவனாவது போலீஸ்காரன் உட்காருவான்" என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அப்படிச் சொல்லிக்கொண்ட பேராசிரியர்கள் அன்று நிறையப் பேர்.

கெர்னீல்ஸின் நாவல் அச்சாகி வந்தது. கொஞ்ச நாளில் அந்தக் குழுவின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரப் போலீஸைக் கேலி செய்கிறது, தடை செய் என்றார்கள் மற்றவர்கள். குழுவில் ஒரு நடைமுறை உண்டு. படிக்கப்போவது நாலு படிப்பாளிகள்தான் என்றால் விட்டுவிடுவார்கள், சாதாரண ஜனம் படிக்குமென்றால்தான் ஆபத்து. யாகோமினா அதைப் பிடித்துக்கொண்டாள். இது கனமான இலக்கியம், மீன் ஆலைப் பெண்கள் தொடக்கூட மாட்டார்கள், தொட்டாலும் ஒன்றும் புரியாது என்று அடித்துப் பேசினாள். புத்தகம் தப்பித்தது.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே அவன் ஊருக்குப் போனாள். ஆலையில் வேலை பார்க்கும் அவன் தங்கை ட்ரீனா, ஸ்னூக் மீனுக்கு ஆப்ரிகாட் ஜாம் தடவி வாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கூட்டத்துக்கிட்ட எப்படி மிஸ் சாதிச்சீங்க?" என்றான் கெர்னீல்ஸ்.

சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். ட்ரீனாவின் கை அப்படியே நின்றது.

"ட்ரீனா, அந்தப் புத்தகத்தை எங்க வெச்சுப் படிச்சே?"

"ஆலை பஸ்ஸுலதாண்ணே. பக்கத்துல இருந்தவளுகளுக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

கெர்னீல்ஸ் யாகோமினாவைப் பார்த்தான். "தடை பண்ணியிருந்தாக்கூட எங்க ஜனம் ஒளிச்சு வெச்சாவது படிச்சிருக்கும் மிஸ். நீங்க காப்பாத்துறேன்னு சொல்லி எங்ககிட்டேருந்து பிடுங்கிட்டீங்களே!"

"அது சும்மா ஒரு தந்திரம். நான் அப்படி நினைக்கலை."

"நினைக்காமலா அவ்வளவு சரளமா வந்துச்சு?"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போ என்று அவன் சொல்லவில்லை. தட்டில் மீனைப் போட்டுக் கொடுத்தான். அவளும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. கோபம் ஆறட்டும் என்று இருந்தாள். பிறகு ஈஸ்டர் விடுமுறையில் நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தாள். ஈஸ்டர்கள் வந்து போயின. இவளுக்கு விருதுகள் வந்தன, பதவி உயர்வு வந்தது. கெர்னீல்ஸ் அடுத்த நாவலை ஆங்கிலத்தில் எழுதி லண்டனில் வெளியிட்டதாகச் செய்தியும் வந்தது. வாங்கினாள், ஆனால் பிரித்துப் பார்க்கத் துணிவில்லை. தான் அன்று சொன்னது தந்திரமில்லை, மனதார நம்பித்தான் சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அதை அவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

நாட்டில் ஆட்சி மாறி, முன்வாசல் பின்வாசல் வழக்கமெல்லாம் ஒழிந்த பிறகு ஒருநாள் கெர்னீல்ஸ் இறந்துபோனான். யாகோமினா போனாள். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ட்ரீனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வயதில் மூத்தவளை அழைக்கும் முறையில் 'தன்னி' என்று கூப்பிட்டாள். கையில் அந்த ஆங்கில நாவல்.

"எனக்கு இங்கிலீஷ் ஓடாது தன்னி. எங்கண்ணன் இதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

"நான் மொழிபெயர்த்துக் கொண்டாறேன், ட்ரீனா."

"உங்க மொழிபெயர்ப்பெல்லாம் படிச்சவங்களுக்கு. இப்பவே, இங்கேயே, வாயால சொல்லுங்க."

யாகோமினா முதல் பக்கத்தைத் திறந்தாள். ஒரு பெண் விடியற்காலையில் ஆலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். கடினமான வாக்கியம் என்று ஒன்றுகூட இல்லை. மெல்ல, அந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போனாள். ட்ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் புரியுது தன்னி. மேல சொல்லுங்க."

யாகோமினாவால் மேலே சொல்ல முடியவில்லை.