பால் வரிசையில் எண்ணிய உள்ளான்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. மந்தைவெளி கார்ப்பரேஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், வேலை பார்த்த ஒரு வீட்டில் நாலைந்து மாதம் எழுதிய ஒரு நோட்டும்தான். அந்த நோட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வருஷம் நினைவில்லை. அடையாறு முகத்துவாரத்தில் இப்போது உடைந்து கிடக்கும் பாலம் அப்போது முழுசாக இருந்தது, அது மட்டும் நிச்சயம். எழுத்து முன்னும் பின்னுமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு முப்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மந்தைவெளிக்குத் தெற்கே, ஆற்றைப் பார்த்துப் போகும் தெரு ஒன்றின் கடைசி வீட்டில் மேல்வேலை செய்தேன். பாத்திரம், துணி, வாசல் தெளிப்பது, விடிகாலையில் பால் டிப்போவில் வரிசையில் நின்று பால் வாங்கி வருவது. அந்த வீட்டு சார் கல்லூரியில் பாடம் நடத்துபவர். தினமும் காலையில், எட்ட இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற கண்ணாடிக் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், சேற்றில் இரை தேடும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுவார். மழை, காய்ச்சல் எதற்கும் விட்டதில்லை.

அந்த வீட்டம்மாவுக்கு இது ஒரு கேலி. காபி ஆற்றிக்கொண்டே, "எத்தனை பேர் வந்தான்னு எண்ணிண்டு வரேளே, ஒருத்தியாவது நம்பாத்துக்கு வரேன்னாளா?" என்பார். சார் சிரித்துக்கொண்டே நோட்டை மூடுவார்.

ஒரு கார்த்திகை மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து சாருக்குத் தொடை எலும்பு முறிந்தது. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. பங்குனி வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வலியைவிட நோட்டு விட்டுப்போகிறதே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த அம்மாவுக்குக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே நேரம் போதாது. நாலாம் நாள் சார் என்னைக் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டார்.

எழுதத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நூறுக்கு மேலே எண்ணுவாயா என்றார். எண்ணுவேன் என்றேன். குச்சிக் கால்களோடு ஈரத்தில் ஓடி ஓடிக் கொத்துகிறதே சின்னது, அது உள்ளான். சிவப்புக் கால் நீளமாக இருந்தால் பவளக்காலி. வால் ஊசி மாதிரி இருந்தால் ஊசிவால் வாத்து. இந்த மூன்று போதும் என்றார். வடக்கே பனி மூடுகிற தேசங்களிலிருந்து மலை தாண்டி இந்தச் சேற்றுக்கென்றே வருகின்றன என்றும் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. நம் சேற்றில் அப்படி என்ன இருக்கிறது?

"எண்ண முடியலேன்னா கோடு போட்டுடு. குத்துமதிப்பா மட்டும் எழுதிடாதேம்மா" என்றார்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் போனேன். தூறல் இருந்ததால் கரையில் ஒரு ஆள் இல்லை. குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எண்ணினேன். உள்ளான்கள் அலை வந்தால் பின்னால் ஓடும், அலை போனால் முன்னால் ஓடும். எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. புடவைக் கரையெல்லாம் சேறு. நோட்டிலும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. கரையில் திரும்பியதும்தான் பார்த்தேன். கரை நீளத்துக்கு ஆண்கள் காலைக்கடனுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் குடிசைகளில் வேறு வசதி ஏது? கையில் நோட்டும் பென்சிலுமாக நான் நின்றதை ஒருவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, எண்ணிக்கினு போறியா? கார்ப்பரேசன்ல அனுப்ச்சாங்களா?"

பக்கத்திலிருந்தவர் அவரிடம், "நைனா, உன் பேர எழுதுறாங்க. நேரா குந்து" என்றார்.

கரை முழுக்கச் சிரிப்பு. அவர்கள் பேரில் தப்பில்லை, அவர்கள் இடத்துக்கு நான்தான் போய் நின்றேன். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகக் கால் எழவில்லை.

இதை சாரிடம் எப்படிச் சொல்வது? ஒரு ஆம்பிளையிடம் எந்த வார்த்தையை எடுத்துச் சொல்வது? அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே போய் சாரிடம் சொல்லிவிடுவார், அப்புறம் அந்த வீட்டில் யார் முகத்தைப் பார்ப்பது என்று பயந்தேன். கோடு போடலாம் என்று சொன்னாரே, அதையாவது செய்திருக்கலாம். கோடு போட்டால் ஏன் என்று கேட்பார்.

பால் டிப்போ வரிசையில் நிற்கும்போது நோட்டைத் திறந்தேன். ஒன்றுமில்லாததிலிருந்து எண் எழுதக் கை வரவில்லை. எதையாவது எண்ணித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால் கம்பிக் கூடைகளில் அடுக்கியிருந்த பால் பாட்டில்களை எண்ணி உள்ளான் என்று எழுதினேன். வரிசையில் நின்றவர்களை எண்ணிப் பவளக்காலி என்று எழுதினேன். டிப்போ கூரையில் இருந்த காக்கைகள் ஊசிவால் வாத்து ஆயின. வீட்டுக்கு வந்து சாரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "பேஷ், வாத்து வந்துடுத்து" என்றார். வலியில் சுருங்கியிருந்த முகம் அப்படி மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாளும் பாட்டில்களை எண்ணினேன். அப்படியே பழகிவிட்டது.

பொங்கல் கழிந்ததும் தெருவில் லாரிகள் போக ஆரம்பித்தன. தி. நகரில் இடித்த பழைய வீடுகளின் கல்லும் காரையும் கொண்டுவந்து சேற்றில் கொட்டி மேடாக்குகிறார்கள், மனைகள் வரப்போகின்றன என்று பேசிக்கொண்டார்கள். சார் படுத்தபடியே லாரிச் சத்தத்தை எண்ணுவார். நான் நோட்டைக் கொடுத்தால் முன்னைவிட அவசரமாக வாங்குவார். பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவார். "இத்தனை கல் கொட்டியும் குறையலே பாத்தியா. அதுகளுக்கு இந்த இடம்தான்" என்பார். மனைக்கு அனுமதி தருகிற ஆபீசில் போய் முறையிடப்போவதாகவும், அதற்கு இந்த நோட்டுதான் சாட்சி என்றும் சொல்வார்.

மாசியில் ஒரு நாள் அடையாறில் இருந்த அக்காவைப் பார்க்க பஸ்ஸில் போனேன். முகத்துவாரத்துக்கு மேற்கே இருக்கும் பெரிய பாலத்தின் மேல் பஸ் மெதுவாகப் போனபோது கிழக்கே பார்த்தேன். சேறு இருந்த மூலை வெள்ளை வெள்ளையாகக் காரை மேடாகிக் கிடந்தது. லாரி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. எட்டக் கொஞ்சம் கொக்குகள், அவ்வளவுதான். ஓடி ஓடிக் கொத்துகிறது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு. மறுநாள் டிப்போவில் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். நேற்று இருநூறு என்று எழுதிவிட்டு இன்றைக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால், ஒரே நாளில் எப்படி என்று கேட்பாரே. பாட்டில்களைத்தான் எண்ணினேன்.

பங்குனியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கட்டை ஊன்றி நடக்க வந்ததும் ஆபீசுக்குக் கிளம்பினார். நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் சைக்கிள் ரிக்ஷாவில் போனேன். அதிகாரி மரியாதையானவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், என் நோட்டை நிதானமாகப் புரட்டினார். நான் கதவோரம் நின்றேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க கணக்குப்படியே லாரி வந்தப்புறமும் பறவை கொறையலையே. அப்ப அதுங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

அந்த எண்ணிக்கையை சார் அந்த விதமாக நினைத்துப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. இந்தக் கணக்கு சரியாக இருக்குமா என்று அதிகாரியே கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் காரியம் நடந்திருக்கும். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பாக்கலே. ஆனா இவ பொய் எழுத மாட்டா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதும் ராத்திரி விழிப்பு வந்தால் அந்தத் தரைதான், கறுப்பும் வெள்ளையும் கட்டமாக, முதலில் வரும். அதிகாரி நோட்டை மூடிக் கும்பிட்டு என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது ரிக்ஷாவை ஆற்றங்கரைக்கு விடச் சொன்னார். இறங்கிக் கட்டை ஊன்றி மேட்டின் விளிம்பு வரை போனார். கண்ணாடிக் குழாயை எடுக்கவே இல்லை, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. வெகுநேரம் நின்றார். அவர் கேட்டுவிட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கேட்கவில்லை.

"வெயில் ஏறிடுத்து. அதான் போயிருக்கும்" என்றார்.

அது அவர் நம்பிச் சொன்னதில்லை. எனக்காகச் சொன்னது. மறுநாளிலிருந்து தட்டுத் தடுமாறி அவரே போனார். நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை, முகத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. இன்னும் ஆறோ ஏழோ வருஷம் அந்த வீட்டில் வேலை செய்தேன். அந்தச் சேற்று மூலையில் வீடுகள் எழும்பின. மிஞ்சிய சேற்றுக்கு ஐப்பசியில் கொஞ்சம் பறவைகள் வரும். சார் வந்து வெறுமனே, "இன்னிக்கு நாலு" என்பார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

சார் இப்போது இல்லை. போன மாதம் அவர் மகள் என்னைத் தேடி வந்தார். அந்த நாளில் மூன்றாவது படித்த குழந்தை, இப்போது தலை நரைத்திருக்கிறது. முகத்துவாரத்தில் கொட்டிய மண்ணை அள்ளிவிட்டு மறுபடி அலைத்தண்ணீர் ஏற விடப் பார்க்கிறார்கள் என்றும், முன்னே எத்தனை பறவை இருந்தது என்று அறிய அப்பாவின் நோட்டுகளைக் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். கொண்டுவந்த நோட்டுகளின் நடுவில் இருந்த உருண்டை எழுத்தைக் காட்டி, இது நீங்கள் எழுதியதுதானே, எவ்வளவு ஒத்தாசை செய்திருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கும் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நோட்டுகளைக் கேட்டிருப்பவர்களே, என் எழுத்தில் இருக்கும் பக்கங்களை நம்பாதீர்கள். முதல் இரண்டு நாள் எழுதியது மட்டும் நிஜம், ஓரத்தில் சேறு ஒட்டியிருக்கும். மீதியை அடித்துவிடுங்கள். எந்தக் கார்த்திகையில் தொடங்கி எந்தப் பங்குனியில் முடிந்தது என்பது எனக்குக் குழப்பம். லாரி வந்தது பொங்கலுக்கு முன்னா பின்னா என்பதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து ஆபீஸ் காகிதங்களைப் பார்க்க முடிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிட்டு, அப்புறம் அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்தில் இருப்பதெல்லாம் சரியாக இருக்கும். அதைச் சரிபார்க்க வேண்டியதில்லை.